சூரியப் புள்ளி குறைந்தால் வத்தல் காயாதா?

கேள்வி: மாசியிலிருந்து சித்திரை வரை மொட்டைமாடியில் கூழ்வத்தலும் வெங்காய வடகமும் போட்டு விற்கிறோம். 'சூரியப் புள்ளிகள் குறையப் போகின்றன, விண்வெளிக் கதிர்கள் கூடும், இனி ஐந்தாறு வருஷம் மந்தாரம்தான்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததைத் தம்பி மகன் காட்டினான். கடன் வாங்கி மின்சார டிரையர் போட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, இந்தக் காரணத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

செய்தியின் முதல் பாதி சரிதான். சூரியப் புள்ளிகள் என்பவை சூரியன் முகத்தில் தெரியும் கரும் திட்டுகள். அவை சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். 2024-ஐ ஒட்டி உச்சம் வந்துவிட்டது, இனி இறங்குமுகம். அதனால் வெயில் எவ்வளவு குறையும் என்றால், ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய். காற்றுமண்டலத்துக்கு மேலே சதுர மீட்டருக்கு விழுவது சுமார் 1361 வாட். ஏறி இறங்குவது ஒரு வாட் அளவு. உங்கள் வத்தலுக்கு அது தெரியவே தெரியாது.

மேகக் கதையும் முழுப் புரளி அல்ல. 1997-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்வென்ஸ்மார்க்கும் அவருடைய கூட்டாளியும் சொன்னது இது: சூரியன் சோம்பினால் அதன் காந்தக் கவசம் தளரும், விண்வெளிக் கதிர்கள், அதாவது தொலைதூர விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் நுண்துகள்கள், கூடுதலாக உள்ளே வரும், அவை காற்றில் மின்னேற்றம் உண்டாக்கி மேகத்துக்கு விதை போடும். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகம் பெரிய எஃகுத் தொட்டியில் காற்றை அடைத்து இதைச் சோதித்தது. துகள் உருவாவது உண்மைதான். ஆனால் பிறக்கும்போது அது ஒன்றிரண்டு நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). நீர்த்துளி பிடிக்க ஐம்பது, நூறு நானோமீட்டராவது வளர வேண்டும். அதற்குள் பெரும்பாலானவை வேறு துகள்களில் ஒட்டிக் காணாமல் போய்விடும். நம் பக்கம் கடல் உப்பு, புழுதி, அடுப்புப் புகை என்று விதைக்கு எப்போதும் பஞ்சமே இல்லை. ஆரம்பத்தில் கதிரோடு பொருந்திய செயற்கைக்கோள் மேகக் கணக்கும் பிற்பாடு பொருந்தாமல் போனது.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் யாரும் சொல்லாதது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் ஏவ ஆரம்பித்ததும் அதனால்தான். காந்தத் தடுப்பு இங்கே பலம் என்பதால், விண்வெளிக் கதிரின் 11 வருஷ ஏற்ற இறக்கம் துருவப் பக்கத்தைவிட நம் தலைக்கு மேல் மிகக் குறைவு. டென்மார்க்குக்கே சந்தேகமான கணக்கு, காரைக்குடிக்கு எப்படி எடுபடும்?

உங்கள் மாடி மேகத்தைத் தீர்மானிப்பது கடல்காற்று, கோடை இடிமழை, வங்காள விரிகுடாவில் எழும் காற்றழுத்தத் தாழ்வு. எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்தால் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடும் என்பது வேறு கதை, அது ஐப்பசிக்கு. உங்களுக்குக் கவலை சித்திரைச் சாயங்கால மழைதான்.

அப்புறம், வத்தல் கெடுவது வெயில் குறைவால் மட்டுமில்லை, காற்றின் ஈரத்தாலும்தான். துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது மேலே மொறுமொறு என்றிருந்து நடுவில் பிசுபிசுத்தால், உரித்ததைத் திருப்பிப் போட்டு இன்னொரு முழு வெயில் கொடுங்கள். அப்படியே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை நிச்சயம். பிற்பகல் மூன்று மணிக்குள் எடுத்துவிடுங்கள். வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கத் தம்பி மகனிடமே பழகிக்கொள்ளலாம்.

டிரையர் வேண்டுமா என்பதற்கு, இந்தப் பருவம் முழுக்க டெய்லி காலண்டர் தாளில் வீணான நாட்களைக் குறித்து வாருங்கள். நாலைந்து நாள்தான் என்றால் பாலிகார்பனேட் (வெயில் ஊடுருவும் கெட்டிப் பிளாஸ்டிக்) கூரை போட்ட சின்னக் கொட்டகையே போதும். காக்கையும் புழுதியும் அண்டாது, கரண்ட் பில்லும் வராது.