‘ஐ’ முதல் ‘விப்’ வரை: நாடாளுமன்ற வாக்கெடுப்புச் சொற்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டனின் காமன்ஸ் சபையில் ‘யெஸ்’ என்னாமல் ‘ஐ’ என்று குரல் கொடுப்பது ஏன்?

பதில்: ‘ஐ’ என்னும் இசைவுச் சொல் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. ‘நான்’ எனப் பொருள்படும் ‘ஐ’யைப் போலவே ஒலித்ததால், தொடக்கத்தில் அதே ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். ஆகவே, ‘நான் உடன்படுகிறேன்’ என்பதன் சுருக்கமே அது என்று ஒரு சாராரும், ‘எப்போதும்’ எனப் பொருள்தரும் பழஞ்சொல்லின் வழிவந்தது என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். எழுத்துவடிவச் சான்று இருப்பதால் முதற்கருத்தே எனக்கு வலுவானதாகப் படுகிறது.

கேள்வி: அமெரிக்காவில் ‘யே’, ‘நே’ என்கிறார்களே?

பதில்: ‘ஆம்’, ‘இல்லை’ எனப் பொருள்படும் அவை இன்னும் பழையவை. முற்கால ஆங்கிலத்தில் ‘வந்தாரா?’ என்ற கேள்விக்கு ‘யே’ அல்லது ‘நே’ என்றும், ‘வரவில்லையா?’ என்பதற்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்றும் விடையளிப்பது மரபு. ‘நே’ வர வேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டுவிட்டார் என்று வில்லியம் டிண்டேலின் ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பை ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் 1532இல் கடிந்து எழுதினார். கண்டித்தவரே அந்த விதியை விளக்குகையில் இடறியதுதான் வேடிக்கை. வழக்கில் அந்த வேறுபாடு மறைந்த பிறகும், 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு, வந்திருக்கும் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கோரினால் ‘யே’, ‘நே’ வாக்குகளைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று விதித்தது.

கேள்வி: பிரிட்டனின் மேலவையான பிரபுக்கள் சபையில்?

பதில்: அங்கே ‘கன்டென்ட்’, ‘நாட் கன்டென்ட்’, அதாவது மனநிறைவு உண்டு, இல்லை. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது.

கேள்வி: வாக்குகளை எண்ணுபவரை ‘டெல்லர்’ என்பது எதனால்?

பதில்: ‘டெல்’ என்பதற்கு எண்ணுதல் என்ற பொருளும் உண்டு; வங்கிக் காசாளருக்கும் அப்பெயர் அப்படித்தான் வந்தது. காமன்ஸ் சபையில் குரல் வாக்கில் தெளிவு பிறக்காவிட்டால் சபாநாயகர் ‘டிவிஷன்’ என்று அறிவிப்பார். மணி ஒலித்து 8 நிமிடங்களில் கதவுகள் பூட்டப்படும். ஏற்போர் வலப்புறக் கூடத்திலும் மறுப்போர் இடப்புறக் கூடத்திலும் நடந்து செல்ல, தரப்புக்கு இருவராக டெல்லர்கள் அவர்களை எண்ணுவார்கள். உறுப்பினர்கள் உடலாலேயே பிரிந்து நிற்பதால்தான் அது ‘பிரிவு’.

கேள்வி: கட்சிக் கொறடாவுக்கும் சவுக்குக்கும் என்ன தொடர்பு?

பதில்: நரி வேட்டையில் நாய்கள் கூட்டத்தைவிட்டுச் சிதறாமல் சவுக்கால் ஒழுங்குபடுத்துபவரை ‘விப்பர்-இன்’ என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் அப்பெயர் அரசியலுக்குள் நுழைந்து, சவுக்கு எனப் பொருள்படும் ‘விப்’ எனக் குறுகியது. உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும் கட்சிக் கடிதத்துக்கும் அதே பெயர்தான். கட்டாயம் வந்து வாக்களிக்க வேண்டிய அலுவலின் கீழ் மூன்று கோடுகள் இழுத்திருப்பார்கள்.