ஐந்து அரியர் வைத்திருக்கும் மகளின் படிப்பை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

பிளஸ் டூவில் 600-க்கு 561 வாங்கிய பெண், பொறியியல் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஐந்து அரியர் வைத்துவிட்டாள். கோவை விடுதியைக் காலி செய்து வீட்டுக்கே அழைத்து வந்து, தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போய், அவளுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும், கவனம் சிதறும், சிலரிடம் துறுதுறுப்பும் மிகும் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

“அது ஓரிடத்தில் உட்காராத பையன்களுக்கு வருவதல்லவா, இவள் வாய் திறந்து பேசவே மாட்டாளே” என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆசிரியர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெஞ்சு மீது ஏறிக் குதிப்பவனைப் பற்றி மறுநாளே வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே மனத்தால் வேறெங்கோ போய்விடும் பெண்ணால் வகுப்பில் யாருக்கும் தொந்தரவு இல்லை. அதனால் அவள் யார் கண்ணிலும் படுவதில்லை. துறுதுறுப்பே இல்லாமல் கவனம் மட்டும் சிதறும் வகை உண்டென்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980-லேயே சொல்லிவிட்டது. பெண்களிடம் அதிகம் காணப்படுவது அந்த வகைதான். துறுதுறுப்பு இருந்தாலும் அது ஓயாத பேச்சாக, நகம் கடிப்பதாக, உள்ளுக்குள் அடங்காத பரபரப்பாக இருக்கும். குழந்தைப் பருவத்தில் இந்தக் கோளாறு கண்டறியப்படுவோரில் பையன்களே மிகுதி. பெரியவர்களானபின் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. அதாவது, பெண்களில் கணிசமானோர் சிறுவயதில் கணக்கில் வராமலே போய்விடுகிறார்கள்.

மகளைப் பற்றிக் குற்றப்பத்திரிகை போல நீங்கள் எழுதியிருப்பதையே கொஞ்சம் திரும்பப் படித்துப் பாருங்கள். லேப் ரெக்கார்டை விடிய விடிய உட்கார்ந்து எழுதி முடித்தாள். கையெழுத்து வாங்க மறந்து, மதிப்பெண்ணை இழந்தாள். தேர்வுக் கட்டணத்துக்கு நீங்கள் பணம் அனுப்பியும், கடைசித் தேதியைக் கோட்டைவிட்டு அபராதத்தோடு கட்டினாள். நோட்டில் முதல் நான்கு பக்கங்கள் மூன்று வண்ண மையில் அச்சடித்ததுபோல் இருக்கின்றன, அதற்குமேல் வெள்ளைத்தாள். இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் சோம்பல். சோம்பேறிப் பெண் விடிய விடிய ரெக்கார்டு எழுதமாட்டாள், அம்மா. எதைச் செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரிகிறது. அதை உரிய நேரத்தில் தொடங்குவதும், தொடங்கியதைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் அவளிடம் நழுவுகின்றன.

அப்படியானால் 561 எப்படி வந்தது என்பீர்கள். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலையில் எழுப்பிவிட ஒரு வார்டன், நாள்தோறும் ஒரு தேர்வு, இரவுப் படிப்பு நேரத்தில் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருக்கும் ஆசிரியர். எதை எப்போது செய்வது என்று அவள் தானாக முடிவெடுக்க வேண்டிய தேவையே அங்கே இல்லை. கட்டடத்தைத் தாங்கும் சாரம்போல் இருந்த அந்த ஏற்பாடு முழுவதையும் கல்லூரியில் ஒரே நாளில் பிரித்துவிட்டோம். கெட்டிக்காரப் பெண்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தாக்குப்பிடித்துவிட்டு, கல்லூரியிலோ முதல் வேலையிலோ திடீரென்று சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இருந்தாலும் அவளுக்கு இதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை. அது மருத்துவரின் வேலை. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஏ.டி.எச்.டி. தெரியாது. மருத்துவர் அவளிடமும் உங்களிடமும் விரிவாகப் பேசுவார். கேள்விப் பட்டியல்களை நிரப்பச் சொல்வார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொல்லை தந்தனவா என்பவைதான் முக்கியமான கேள்விகள். கைபேசிதான் காரணம் என்று நீங்கள் நினைப்பதைச் சரிபார்க்கவும் அதுவே வழி. கைபேசி வாங்கித் தருவதற்கு வெகுகாலம் முன்பே, மூன்றாம் வகுப்பிலேயே டிபன் பாக்ஸைத் தொலைத்துக்கொண்டிருந்தாளா? பழைய ரேங்க் கார்டுகள் பரணில் கிடந்தால் எடுத்துப் போங்கள். ‘நன்றாகப் படிக்கக்கூடியவள், கவனம் போதாது’ என்று ஓர் ஆசிரியை எழுதிவைத்த ஒற்றை வரி மருத்துவருக்குப் பெரிய உதவி. தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே முகத்தோடு வரக்கூடும் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் பலருக்குப் பதற்றம், மனச்சோர்வு என்று மட்டும் மருந்து கொடுத்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அடியில் இருக்கும் கவனக் கோளாறை யாரும் கேட்பதே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே தொடங்கலாம். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிமான்ஸ் ஆகியவையும் இருக்கின்றன.

மாத்திரை பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதிகம் பயன்படுவது மெத்தில்ஃபெனிடேட். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறலாம். அதனால் குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் இது கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லாக் கடைகளிலும் இருக்கவும் இருக்காது. மருத்துவர் சொன்ன அளவில், அவர் பார்வையில் சாப்பிடும்போது அடிமையாகிவிடுவாளோ என்ற பயம் தேவையில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு அறைத்தோழியிடம் கடன் வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து. மெத்தில்ஃபெனிடேட் ஒத்துவராதவர்களுக்கு அட்டமாக்ஸிட்டின் என்ற மருந்து உண்டு. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் கவனமும் மனநிலையும் இன்னும் மோசமாவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் காலண்டரில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மாத்திரை கவனத்தைப் பிடித்துக் கொடுக்குமே தவிர, கால அட்டவணை போடக் கற்றுத் தராது. அதற்கு உளவியல் ஆலோசனையும் பயிற்சியும் கூடவே வேண்டும்.

‘நாளைக்கு வரன் பார்க்கும்போது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு வயது 19. அந்தப் பேச்சை எடுத்து வைத்துவிடுங்கள். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று அவள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, நான் கவலைப்படுவது அந்த வரிக்குத்தான். சாவைப் பற்றி அவள் பேசினால் மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்; அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போங்கள்.

இனி படிப்பு. தொலைநிலைக் கல்வியை நான் மறுப்பதற்குக் காரணம், கவனச் சிதறல் உள்ள ஒருவருக்கு அதைவிடக் கடினமான ஏற்பாடு இல்லை என்பதே. வகுப்பு இல்லை, கூடப் படிப்பவர் இல்லை, பருவக் கடைசியிலோ ஆண்டுக் கடைசியிலோ ஒரு தேர்வு. வீட்டிலிருந்தபடி டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகட்டும் என்ற உங்கள் கணவரின் யோசனையும் அதே ரகம்தான். ஐந்து அரியர் உலக முடிவல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால், எட்டுப் பருவப் படிப்பை முடிக்கப் 14 பருவங்கள்வரை இடம் உண்டு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்கள் விதியைக் கேளுங்கள். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரி வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவையில் அரியர் இருந்தால் உட்காரவிடுவதில்லை. எனவே அரியர்களை முடித்தே ஆக வேண்டும்; ஆனால் ஐந்தையும் ஒரே பருவத்தில் எழுதவைக்காமல், இந்தப் பருவத்தில் இரண்டை எடுக்கட்டும்.

தனியறையில் அடைத்துப் படிக்க வைக்காதீர்கள். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து நாள்முழுக்க உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இன்னொருவர் படித்துக்கொண்டிருப்பதே இவளைப் போன்றவர்களுக்குப் பெரிய பிடிமானம். கல்லூரி நூலகத்தில், ஒரு தோழியோடு, ஒரே மேசையில் உட்காரட்டும். தேதிகளை நினைவில் வைக்கச் சொல்லாமல் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வகுப்பு ஆலோசகரிடம் அவள் சம்மதத்தோடு மட்டும் விஷயத்தைச் சொல்லுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாமா என்ற கேள்விக்கு: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. பெயர் இல்லை, கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு என்பதால் அதற்கான சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

துறை மாற்றம் பற்றிச் சிகிச்சை தொடங்கி ஒரு பருவம் போனபின் பேசுவோம். அப்போதும் பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. வேலையின் பலன் எவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரிகிறது, கெடுவை யார் வைக்கிறார்கள், நாள்முழுக்க ஒரே நாற்காலியா என்று கேட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ‘நானும் சின்ன வயதில் இப்படித்தான், இன்றைக்கும் அடுப்பில் பால் வைத்தால் பொங்கித்தான் நிற்கும்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோளாறில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது. மகளை அழைத்துப் போய்த் தங்களையும் கண்டுகொண்ட தாய்மார்கள் பலர் இருக்கிறார்கள். போகும்போது உங்களுக்கும் சேர்த்து ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.