கஞ்சித்தொட்டிக்கு அப்பால்: கொடையும் வறுமை ஆய்வும் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் குடும்ப அறக்கட்டளை ஆண்டுதோறும் அன்னதானம் செய்து வருகிறது. அதில் ஒரு பங்கை வறுமை குறித்த ஆய்வுக்கு ஒதுக்கலாம் என்கிறான் மகன். ஆய்வு யாருக்குச் சோறு போடும்?

பதில்: அன்னதானத்தைக் குறைக்கும்படி நான் சொல்ல மாட்டேன், இன்றைய பசிக்கு இன்றே சோறு வேண்டும். ஆனால் பந்தியில் ஆண்டுதோறும் அதே முகங்கள் ஏன் அமர்கின்றன என்று விசாரிப்பதும் அறத்தில் சேர்ந்ததே. இங்கிலாந்தின் யார்க் நகரில் கொக்கோ ஆலை நடத்திய ஜோசப் ரவுன்ட்ரீ, 1904-இல் மூன்று அறக்கட்டளைகளை நிறுவியபோது, ஊரில் கஞ்சித்தொட்டிக்குப் பணம் எளிதாகச் சேர்ந்துவிடுகிறது, வறுமையின் அளவையும் காரணங்களையும் ஆராய்வதற்கோ கொடுப்பார் அரிது என்று வருந்தினார்.

கேள்வி: காரணம் தெரிந்ததுதானே? வேலையின்மையும் குடியும்தான்.

பதில்: அன்றும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஜோசப்பின் மகன் சீபோம் 1899-இல் யார்க்கில் 11,560 குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்தார். 1901-இல் வெளியான முடிவின்படி நகர மக்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். குடி போன்ற செலவுகளால் வறியவரானோரை அவர் மறைக்கவில்லை, தனியே எண்ணினார். ஆனால் உடலைப் பேணும் அளவுக்குக்கூட வருமானம் இல்லாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் குடும்பத் தலைவர் தவறாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், கூலிதான் போதவில்லை. வேலையின்மையால் அந்நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு மூவரைவிடக் குறைவு.

அவர் வகுத்த வறுமைக் கோட்டையும் பாருங்கள். பெற்றோரும் மூன்று குழந்தைகளும் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். அதில் வாழ்பவர் ரயிலுக்கோ பேருந்துக்கோ ஒரு பென்னிகூடச் செலவிடக் கூடாது. அரைப் பென்னிக்குச் செய்தித்தாள் வாங்கக் கூடாது. தபால்தலைக்குக் காசில்லாததால் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத முடியாது. குழந்தைகளுக்குக் கோலிக்குண்டோ மிட்டாயோ கிடையாது. இத்தனை கடுமையாக அளந்தும் நகர மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் அதற்குக் கீழே இருந்தார்கள் என்பதுதான் அந்தக் கணக்குக்கு வலிமை தந்தது.

கேள்வி: இதனால் சட்டம் ஏதேனும் மாறியதா?

பதில்: மாறியது, ஆனால் ஒரே ஆய்வால் அன்று. லண்டனில் கப்பல் நிறுவன உரிமையாளர் சார்லஸ் பூத் தம் சொந்தப் பணத்தில் நடத்திய நெடிய கணக்கெடுப்பும், முதியோருக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று அவர் செய்த பிரசாரமும், தொழிலாளர் அமைப்புகளின் போராட்டமும் சேர்ந்தே 1908-ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டத்துக்கு வழி செய்தன. 70 வயது கடந்த வறியவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை, 1909 ஜனவரி முதல் நாளிலிருந்து கிடைத்தது. எந்தக் கஞ்சித்தொட்டியாலும் அவ்வளவு முதியவர்களை எட்டியிருக்க முடியாது.

கேள்வி: பணக்காரர் பணத்தில் அரசின் கொள்கை உருவாவது ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான், அதனால்தான் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடையாளரிடம் மட்டும் இருக்கக் கூடாது என்பேன். வழிமுறையையும் முடிவையும், அவை கொடையாளருக்குப் பிடிக்காதவையாக இருந்தாலும், முழுவதும் வெளியிட வேண்டும். சீபோம் தம் அளவுகோலையே 1936-இல் திருத்தி, முன்பு விலக்கிய செய்தித்தாள் போன்றவற்றையும் மனிதத் தேவைகளில் சேர்த்துக்கொண்டார். இன்று ஜோசப் நிறுவிய அறக்கட்டளைகளில் ஒன்றின் ஆதரவில் பிரிட்டனில் 2008 முதல் வெளியாகும் குறைந்தபட்ச வருமான அளவில், கண்ணியமாக வாழ என்னென்ன வேண்டும் என்ற பட்டியலைப் பல வருமான நிலைகளைச் சேர்ந்த பொதுமக்களே கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள்.