சப்ளையரைத் தேட எது நம்பகமான வழி: இணையதளமா, கண்காட்சியா, தெரிந்தவர் சிபாரிசா, கொட்டேஷனா?

சிறிய அளவில் டி-ஷர்ட் பிராண்ட் தொடங்கப் போகிறீர்கள். துணி, சாயம், தையல், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாமே வெளியில்தான். இதற்கான ஆட்களை இந்தியாமார்ட் மாதிரித் தளங்களில் தேடுவதா, கண்காட்சிக்குப் போவதா, தெரிந்தவர்களைக் கேட்பதா, நாலு பேரிடம் கொட்டேஷன் வாங்கிக் குறைந்த ரேட்டை எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். இந்த நாலு வழியும் எங்களுக்கு அன்றாட வேலை.

எல்லாப் பொருளுக்கும் ஒரே வழி சரிவராது. எந்தப் பொருளுக்கு எந்த வழி என்று முடிவு செய்ய, அதன் விலையைப் பார்க்காதீர்கள். அது தப்பாக வந்தால் உங்களுக்கு என்ன நட்டம் என்று பாருங்கள். அட்டைப்பெட்டி சரியில்லை என்றால் மறுநாளே வேறு வாங்கலாம். ஒரு லாட் துணிக்குச் சாயம் தப்பினால் நூல், நிட்டிங் (துணி பின்னுவது), சாயக்கூலி எல்லாம் சேர்ந்து போகும், கூடவே சீசனும் போகும். கழுத்தில் வரும் மெயின் லேபிள் பைசா கணக்குச் சரக்குதான், ஆனால் அது வராமல் தையலை முடிக்க முடியாது. ஆகவே அட்டைப்பெட்டி, பாலிபேக், தையல் நூல், டேப் போன்றவற்றுக்கு இணையதளமும் கொட்டேஷனும் போதும். சாயம், தையல் இரண்டுக்கும் நேரில் போய்ப் பார்க்காமல் யாரையும் எடுக்காதீர்கள்.

இணையதளத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தியாமார்ட்டில் தேடுவது உங்களுக்கு இலவசம். தளத்துக்கு வருமானம் விற்பவரிடமிருந்து வருகிறது. நீங்கள் ஒரு தேவையைப் பதிவு செய்தால் அந்த விவரம் பல விற்பனையாளர்களுக்குப் போகும், உடனே போன் வரிசையாக அடிக்கும். மேலே தெரிகிற பெயர் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவருடையதாக இருக்கலாம், அது தரத்துக்குச் சான்று ஆகாது. சொந்த மிஷின் ஒன்றுகூட இல்லாத டிரேடர்கள் 'மேனுஃபாக்சரர்' என்று போட்டுக்கொள்வதும் உண்டு. அதற்காக இதை ஒதுக்க வேண்டாம். சந்தையில் என்னென்ன கிடைக்கிறது, ரேட் எந்த எல்லைக்குள் ஓடுகிறது என்று ஒரே மதியத்தில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. போன் பண்ணுகிறவரிடம் என்ன மிஷின், எத்தனை மிஷின், ஒரு நாளைக்கு எவ்வளவு உற்பத்தி என்று கேளுங்கள். சொந்தமாக ஓட்டுகிறவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

கண்காட்சி நூலுக்கும் புது வகைத் துணிக்கும் நல்லது. திருப்பூர் பக்கத்தில் திருமுருகன்பூண்டி ஐகேஎஃப் (பின்னலாடைக் கண்காட்சி) வளாகத்தில் நடப்பவற்றுக்கு ஒரு முறை போய் வாருங்கள்; துணியைத் தொட்டுப் பார்க்கலாம், பத்துப் பேரை ஒரே இடத்தில் ஒப்பிடலாம். ஆனால் ஸ்டால் போடுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய ஆர்டரை எதிர்பார்த்து வருகிறவர்கள். சிறிய தையல் யூனிட்டுகள் ஸ்டால் போடுவதில்லை, உங்களுக்குத் தேவையோ அவர்கள்தான்.

அடுத்தது சிபாரிசு. திருப்பூரே இதில்தான் ஓடுகிறது என்று சொல்லலாம், ஏனென்றால் இங்கே நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்கி எடுப்பது), பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொரு வேலையும் தனித்தனி ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை செய்யும்) யூனிட்டில் நடக்கிறது. ஒரே துணி பல கை மாறுவதால் யார் வேலை எப்படி என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம். உங்களைப் போலவே துணி வாங்குகிற இன்னொரு கம்பெனிக்காரர் தன் நல்ல சாயப்பட்டறையை அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டார். சீசனில் மிஷின் கிடைக்காமல் போய்விடும் என்று அவருக்குப் பயம், அது நியாயமான பயமும்கூட. சிபாரிசு செய்கிறவருக்குக் கமிஷன் இருக்கிறதா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். கமிஷன் வாங்குவது இங்கே மறைக்க வேண்டிய விஷயம் கிடையாது, ஏஜென்ட்டிடம் நேரடியாகக் கேட்டால் சொல்லிவிடுவார்.

என் அனுபவத்தில் அடுத்த கட்ட வேலைக்காரரிடம் கேட்பதுதான் சரியான தகவலைத் தரும். ஒரு சாயப்பட்டறையின் வேலை எப்படி என்று காம்பாக்டிங் யூனிட்டில் விசாரியுங்கள். ஷேட் (நிறம்) ஏற்றத்தாழ்வாக வருகிறதா, துணி கோணிக்கொண்டு வருகிறதா, கறை வருகிறதா என்று தினமும் பார்ப்பவர்கள் அவர்கள். நிட்டிங் யூனிட்டைப் பற்றிச் சாயப்பட்டறையில் கேட்கலாம். ஓட்டை, ஊசிக்கோடு, ஆயில் கறை எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கெமிக்கல் சப்ளை செய்கிறவரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் பட்டறை பணம் ஒழுங்காகக் கொடுக்கிறதா என்று கேளுங்கள். பாக்கி வைத்துக்கொண்டே ஓட்டுகிற யூனிட்டில் ஒரு நாள் மருந்து வராது, உங்கள் துணி கிடையாய்க் கிடக்கும். அப்புறம், 'நல்ல பார்ட்டியா?' என்று மட்டும் கேட்டால் 'நல்ல பார்ட்டிதான்' என்றுதான் பதில் வரும். 'இதுவரை என்ன தகராறு வந்தது, எப்படித் தீர்த்தார்?' என்று கேளுங்கள். லாட் கெட்டபோது போனை எடுத்தாரா, நட்டத்தைக் கழித்துக்கொள்ளும் டெபிட் நோட்டை ஏற்றுக்கொண்டாரா, திரும்பச் சாயம் போட்டுக் கொடுத்தாரா என்பதில்தான் ஆள் தெரிவார்.

கொட்டேஷனுக்கு வருவோம். ரேட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். சாயம் போடாத கிரே துணி 1000 கிலோ, நூலும் நிட்டிங்கும் சேர்த்து அடக்கம் கிலோ 300 ரூபாய். முதல் பட்டறை சாயக்கூலி கிலோவுக்கு 85 கேட்கிறது, இரண்டாவது 95 கேட்கிறது. கூலி நாம் கொடுத்த எடைக்கு. முதல் இடத்தில் பிராசஸ் லாஸ், அதாவது வேலையில் குறையும் எடை, 8 சதவீதம், 920 கிலோ திரும்பி வருகிறது. இரண்டாவதில் 5 சதவீதம், 950 கிலோ. மொத்தச் செலவு 3,85,000 ரூபாயும் 3,95,000 ரூபாயும். வந்த எடையால் வகுத்தால் முதல் துணி கிலோ சுமார் 418.50, இரண்டாவது 415.80. பத்து ரூபாய் கூடக் கேட்டவர்தான் மலிவு. இதில் ஷேட் மறுப்பு, தாமதம் எதையும் நான் சேர்க்கவே இல்லை. அதனால் கொட்டேஷன் கேட்கும்போதே எந்த ஷேட், என்ன ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), லாஸ் எவ்வளவு வரை ஒத்துக்கொள்கிறார், காம்பாக்டிங் சேர்த்தா சேர்க்காமலா, வண்டி வாடகை யாருக்கு, எத்தனை நாள் கிரெடிட் என்று ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். வெளிர் நிறத்துக்கு ஒருவர் சொன்ன ரேட்டையும் கறுப்புக்கு இன்னொருவர் சொன்ன ரேட்டையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

அரசாங்க டெண்டரில் 'எல்1', அதாவது குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்பது வழக்கம். பெரிய கம்பெனிகள் ஆன்லைனில் விலையை இறக்கி ஏலம் விடுகின்றன. தேவையை முழுசாக எழுத்தில் சொல்ல முடிகிற பொருளுக்கு இது நியாயமான முறைதான். அட்டைப்பெட்டிக்கு எத்தனை பிளை (அடுக்கு), என்ன அளவு, எவ்வளவு பலம் என்று எழுதிவிடலாம். சாயத்தின் ஒழுங்கையும் தையலின் நேர்த்தியையும் அப்படி எழுத முடியாது. 1966-ல் கேரி டிக்சன் என்ற ஆய்வாளர் சப்ளையர் தேர்வுக்கு 23 அளவுகோல்களைக் கொள்முதல் மேலாளர்களிடம் கொடுத்து எது முக்கியம் என்று கேட்டார். தரம் முதலிடம், டெலிவரி இரண்டாமிடம், பழைய வேலைகளின் வரலாறு மூன்றாமிடம். விலைக்குக் கிடைத்தது ஆறாமிடம். அவ்வளவு காலம் கழித்தும் எங்கள் ஆபீஸில் அதேதான் நடக்கிறது. இந்த அளவுகோல்களுக்கு மார்க் போட்டுத் தேர்வு செய்வதாக இருந்தால், எதற்கு எத்தனை மார்க் என்பதைக் கொட்டேஷனைப் பிரிக்கும் முன்பே எழுதி வையுங்கள். பிரித்த பிறகு எழுதினால் நமக்குப் பிடித்தவர் ஜெயிக்கிற மாதிரித்தான் மார்க் விழும்.

நேரில் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், மிஷின் கொள்ளளவைக் கேளுங்கள். உங்கள் லாட் 300 கிலோ, அங்கே இருப்பது 250 கிலோ மிஷின் என்றால் இரண்டு முறையாகப் போடுவார்கள், இரண்டும் ஒரே ஷேட்டில் வருவது கஷ்டம். அதே போல, ஒரு நாளைக்குப் பல டன் ஓடுகிற பட்டறையில் உங்கள் 300 கிலோ எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கும். உங்கள் ஆர்டர் கொஞ்சமாவது கணக்கில் வருகிற அளவு யூனிட்டைத் தேடுங்கள். புதிதாக வருகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. கழிவுநீர் எங்கே போகிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியூர்களுக்கு ஓட வேண்டியிருந்தது. ஆற்றைக் கெடுக்கிற பட்டறைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பதற்கு வியாபாரக் காரணம் தேவையில்லை. இருந்தாலும் அதுவும் இருக்கிறது.

காகிதங்களைச் சரிபார்ப்பது சுலபம். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்று தெரியும். அவர் தாக்கல் செய்யாவிட்டால் உங்கள் 2பி-யில் (நீங்கள் வாங்கிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலில்) பில் வராது, வரிக் கிரெடிட் நிற்கும். ஆர்கானிக் என்று விற்கப் போகிறீர்கள் என்றால் நூற்பாலையின் ஸ்கோப் சர்டிஃபிகேட் நகலைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். அது கம்பெனிக்கான சான்று. உங்களுக்கு வந்த சரக்குக்கு டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட் தனியாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு பேரை எடுத்துச் சின்ன லாட் கொடுத்துப் பாருங்கள். ஒரே நூல், ஒரே ஷேட், ஒரே தேதி. வந்த துணியைத் துவைத்துச் சுருக்கம் பாருங்கள், கடை விளக்கிலும் பகல் வெளிச்சத்திலும் நிறம் பாருங்கள், சொன்ன தேதிக்கும் வந்த தேதிக்கும் எத்தனை நாள் என்று குறித்து வையுங்கள். முதல் லாட்டை எல்லோரும் கவனமாகச் செய்வார்கள், மூன்றாவது லாட்டில்தான் வழக்கமான வேலை தெரியும். தேறியவர்களில் நல்லவருக்குப் பெரிய பங்கு, அடுத்தவருக்கும் வேலை நிற்காத அளவு ஒரு பங்கு. சீசன் நடுவில் மட்டும் போய் நின்றால் அவர் மிஷின் தர மாட்டார்.

பணம் கொடுக்கும் தேதியை முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். இதைத் தாண்டி ஆண்டு முடிவில் பாக்கி நின்றால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் கொண்டுவந்த திருத்தம் சொல்கிறது. பவர்டேபிள் (சிறு தையல் யூனிட்) வைத்திருப்பவர் தன் ஆட்களுக்கு வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை சொன்னபடி பணம் கொடுக்கிற பார்ட்டியின் கட்டிங்தான் (வெட்டிய துணிதான்) திங்கட்கிழமை முதலில் மிஷினில் ஏறும்.