சின்னக் கல்லூரியில் சேரலாமா? சேர்க்கைக் காலக் கேள்வி-பதில்

என் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். கிடைத்திருப்பதோ சின்னக் கல்லூரி. வகுப்பில் முப்பது பேர்கூட இல்லையாம். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். — ஒரு தாய், களக்காடு

முப்பது பேர் இல்லை என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. நானாக இருந்தால் அதற்காகவே சேர்ப்பேன். பி.காம். வகுப்பில் எழுபது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது, ஜூலையில் பெயர் தெரியாத பிள்ளையின் பெயர் மார்ச்சிலும் ஆசிரியருக்குத் தெரியாது. சின்ன வகுப்பில் ஒளிய இடமில்லை. "வியாழக்கிழமை ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இருப்பார். பாளையங்கோட்டையை ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று சொல்லிச் சொல்லியே நாம் கட்டடத்தைப் பார்க்கிறோம், வகுப்பறையைப் பார்ப்பதில்லை.

வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே இருக்கிறது? ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். அவருக்குப் பின் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ வந்தார். தாமிரபரணிக் கரையோரம் கொற்கை, சிவகளை என்று தோண்டிய இடமெல்லாம் பேசுகிறது. அங்கே கிடைத்த பொருட்களைக் காட்டும் பொருநை அருங்காட்சியகம் ரெட்டியார்பட்டியில் இருக்கிறது. கல்லூரியில் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்களா, இல்லை நோட்ஸ் எழுத வைத்து அனுப்பிவிடுகிறார்களா? இரண்டாவதுதான் பதில் என்றால் வேறு கல்லூரி பாருங்கள், வேறு பாடம் வேண்டாம். சிரிக்கிற சொந்தக்காரர்களிடம், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளின் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்பதையும், அந்தப் பாடத்திட்டத்தில் வரலாறு கணிசமாக இருப்பதையும் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவளென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

ஒரே கல்லூரி, ஒரே பி.எஸ்சி. கணிதம். ஒரு பிரிவுக்குக் கட்டணம் குறைவு, இன்னொன்றுக்குப் பல மடங்கு. ஏன்? — மாணவர், நாங்குநேரி

முதலாவது அரசு உதவி பெறும் பிரிவு. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. மற்றது சுயநிதிப் பிரிவு. சம்பளம், சுண்ணாம்பு, சோதனைக்கூடம் எல்லாம் உங்கள் கட்டணத்திலிருந்துதான். கடைசியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தரும் பட்டத்தில் இந்த வேறுபாடு தெரியாது. அதனால் உதவி பெறும் பிரிவில் இடம் இல்லை என்றதும் உடனே பணத்தைக் கட்டிவிட வேண்டாம். காத்திருப்போர் பட்டியல் நகரும். கட்டணத்தைக் கேட்கும்போது தேர்வுக் கட்டணம், ‘இதர கட்டணம்’ எல்லாவற்றையும் சேர்த்து மூன்று ஆண்டுகளுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொல்கிற தொகை ஆகஸ்டில் வளர்ந்துவிடும்.

மகனை ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தேன். இப்போது அரசுக் கல்லூரியில் இடம் வந்திருக்கிறது. பணத்தையும் தரமாட்டோம், டி.சி.யையும் தரமாட்டோம் என்கிறார்கள். — ஒரு தந்தை, வள்ளியூர்

அப்படிப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் அறிவித்த விதி. அந்த அறிவிப்பில் பணத்துக்கும் கணக்கு இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணம் (சிறு நிர்வாகச் செலவு கழித்து); அந்த 15 நாட்களுக்குள் 90 சதவீதம்; கடைசி நாள் கடந்து 15 நாட்கள் வரை 80; அடுத்த 15 நாட்களுக்கு 50; அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமாகவும் அறிவித்திருக்கிறது, ஆகவே இந்த ஆண்டு அறிவிப்பையும் பாருங்கள். நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். தேதியிட்ட விலகல் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்தத் தேதிதான் பணம்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. கல்லூரியில் ஆங்கில வழியில் சேரச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. — மாணவி, ராதாபுரம்

யார் சொல்கிறார்கள்? பட்டம் வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசின் நேரடி நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. கடைசி மூன்று ஆண்டுகளில் வழி மாறினால், பட்டம் கேட்கும் பதவிகளுக்கு அது கைவிட்டுப்போகும். அரசு வேலைதான் கனவு என்றால் தமிழ் வழியிலேயே இருங்கள். ஆங்கிலம் எப்படியும் பகுதி இரண்டில் (எல்லோருக்கும் உள்ள மொழிப்பாடம்) வரும். அந்த ஆசிரியரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வெளி மாநிலத்தில் மேற்படிப்பு என்ற எண்ணம் இருந்தால் மட்டும் ஆங்கில வழி. முதல் பருவம் கசக்கும், மூன்றாவதில் பழகிவிடும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மகள் தினமும் திருநெல்வேலி போய்வரலாமா, விடுதியில் விடலாமா?

போய்வரட்டும். செங்கோட்டை ரயில் இருக்கிறது. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பு மாதாந்திர சீசன் டிக்கெட் இலவசம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரியில் சான்று வாங்கி ரயில் நிலையத்தில் கொடுக்க வேண்டும். தேர்வு நேரத்தில் மட்டும் விடுதி தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சின்னக் கல்லூரிகளில் கேட்டால் கிடைக்கும்.

ஊர்க் கோவில் கொடைவிழாவுக்கு மூன்று நாள், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவில், அக்கா கல்யாணம். வருகைப் பதிவு 71 சதவீதம் ஆகிவிட்டது. தேர்வு எழுத விடுவார்களா? — மாணவர், அம்பாசமுத்திரம்

வேண்டியது 75. கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி விலக்கு வாங்க வழி உண்டு. 65க்குக் கீழே இறங்கினால் சிக்கல். 71இல் தப்பிவிடுவீர்கள். ஆனால் கொடைக்கு மூன்று நாள் என்று எழுதியிருக்கிறீர்கள், கொடை முடிந்து தூங்கிய நாட்களை எழுதவில்லையே! கால் நாட்டும் தேதி முன்பே தெரியும். அதைத் துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்தப் பக்கத்து ஆசிரியரென்றால் அவரும் ஏதோ ஒரு சுடலைமாடனுக்கு விடுப்பு எடுக்கிறவராகத்தான் இருப்பார்.