லோடு ஏறினால் 5.1 வோல்ட் 4.6க்கு இறங்குகிறதா?

12 வோல்ட்டை 5 ஆக்கும் பக் கன்வர்ட்டர், லோடு (கரண்ட் இழுக்கும் கருவி) இல்லாதபோது 5.1 காட்டுகிறது, 2 ஆம்பியரில் 4.6க்கு இறங்குகிறது என்கிறீர்கள். தயவுசெய்து ட்ரிம்மரை (அவுட்புட் வோல்டேஜை மாற்றும் சிறு திருகை) திருப்பி வோல்டேஜை ஏற்றி வைக்காதீர்கள். லோடு குறையும்போது அந்தக் கூடுதல் வோல்டேஜ் முழுதும் உங்கள் போர்டுக்குப் போகும்.

எங்கே அளந்தீர்கள்? 2 ஆம்பியர் ஓடும்போதே, மீட்டரைக் கன்வர்ட்டரின் அவுட்புட் முனையில் வைத்துப் பாருங்கள். அங்கே 5.1 இருந்தால் கன்வர்ட்டர் மேல் குற்றமில்லை, அரை வோல்ட் வழியில் வயர்களில் போகிறது. 0.5 வோல்ட்டை 2 ஆம்பியரால் வகுத்தால் 0.25 ஓம்தான். மெல்லிய ஜம்பர் வயரும் பிரெட்போர்டும் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) சேர்ந்தால் சுலபமாக அவ்வளவு வந்துவிடும். கிரவுண்ட் வயரிலும் இறக்கம் உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பிளஸ், கிரவுண்ட் வயர் இரண்டையும் தடிமனாக, நீளம் குறைவாகப் போடுங்கள்.

முனையிலேயே 4.6 என்றால், அதே லோடில் இன்புட் முனையில் 12 நிற்கிறதா பாருங்கள். அதுவும் சரி என்றால் லோடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 1.5 ஆம்பியர் வரை வோல்டேஜ் அசையாமல் நின்று, அப்புறம் திடீரெனச் சரிந்தால் கரண்ட் லிமிட் (கன்வர்ட்டர் தானே கரண்டைக் கட்டுப்படுத்துவது) அல்லது இண்டக்டர் சாச்சுரேஷன் (உள்ளிருக்கும் சுருளின் கோர் காந்தத்தால் நிரம்பிவிடுவது). பெரிய கன்வர்ட்டர்தான் வழி. ஆரம்பத்திலிருந்தே சீராக இறங்கினால் எங்கோ ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது, சால்டரைப் பாருங்கள்.

இந்த அளவுகளை எழுதுங்கள், மேலே பார்க்கலாம்.