கேளுங்க, சொல்றோம்: கத்தியவர் ஏன் நிதானமானார்?

கேள்வி: நான் மைனர் த்ரெட் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் பைத்தியம். அதில் பாடிய அதே இயன் மெக்காய் பிறகு பாடிய ஃபுகாஸி குழுவைக் கேட்டால் வேகமும் இல்லை, பாதிப் பாட்டில் கத்தலும் இல்லை. வயசாகிவிட்டதா, இல்லை விலைபோய்விட்டாரா?
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வயசானது உண்மை. விலைபோனார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மைனர் த்ரெட் வாஷிங்டனில் ஆடித் தீர்த்ததே 1980 முதல் 83 வரைதான், தொடங்கும்போது மெக்காய்க்குப் பதினெட்டு வயது. குடி வேண்டாம், போதை வேண்டாம் என்ற 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாட்டு மொத்தமே 46 விநாடி. புதுச்சேரி சரக்கைத் தேடும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் தினமும் பையைத் திறந்து காட்டும் ஊர்க்காரருக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதே கருத்தைச் சொன்ன 'அவுட் ஆஃப் ஸ்டெப்' பாட்டு அடுத்தவனுக்குப் போடும் சட்டம் போலக் கேட்கிறதே என்று சொந்த டிரம்மர் ஜெஃப் நெல்சனே முறைத்துக்கொண்டார். அதனால் 1983இல் அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்தபோது, இது விதிமுறை இல்லை என்று நடுவில் பேச்சாகவே சேர்த்தார்கள். மாற்றம் அங்கேயே தொடங்கிவிட்டது, வேகம் குறைந்தது பிறகுதான்.

1987இல் ஃபுகாஸி. ஜோ லாலியின் பேஸ் கிதாரில் ஜமைக்காவின் ரெக்கே இசை ஆட்டம் இருக்கும், பாட்டு ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கும், அப்புறம் மொத்தமாக வந்து விழும். கூட்டத்தில் எவனாவது இடித்து மிதித்து ஆடினால் கச்சேரியை நிறுத்தி, அவனுடைய 5 டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். (நம்மூர்த் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் அடிதடி வந்தால் குத்துப்பாட்டைப் போட்டு அமுக்கிவிடுவார்கள், அது வேறு வழி.) ஃபுகாஸி கச்சேரிக்கு டிக்கெட் பெரும்பாலும் அதே 5 டாலராக இருந்தது, எந்த வயதுக்காரரும் வர முடிந்தது, டிஷர்ட் வியாபாரம் இருக்கவில்லை, ஆல்பங்களை வெளியிட்டதும் மெக்காயும் நெல்சனும் நடத்திய டிஸ்கார்ட் நிறுவனம்தான். மூச்சுவிட்டு நிற்கும் பாட்டுக்குக் கூட்டம் காது கொடுத்தே ஆகவேண்டும், வெறும் வேகத்துக்கு முட்டிமோதினால் போதும். இசை மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, எங்கே தொடங்குவது? 1990இன் 'ரிப்பீட்டர்', நல்ல ஹெட்போனில், பேஸைக் கவனித்து. கடைசி ஆல்பமான 2001இன் 'தி ஆர்க்யுமென்ட்' அப்புறம் போதும். அதில் செல்லோகூட (பெரிய வயலின் மாதிரி) வரும், பயந்துவிடாதீர்கள்.